பெரியம்மா வீட்டு நூலாம்படை

போன வருடம் ஒரு சிற்றிதழில் என் சிறுகதை ஒன்று வந்தது. பிழைப்புக்காக வடக்கே போனவன் பல வருடம் கழித்து ஊர் திரும்பி, பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைத் திறக்கிறான். ‘கதவைத் தள்ளியதும் திரைச்சீலைபோலத் தொங்கிக்கொண்டிருந்த ஒட்டடை அவன் முகத்தில் அப்பியது’ என்று எழுதியிருந்தேன். மற்ற வரிகளுக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவன், இந்த வரிக்கு மட்டும் பேனாவை நிறுத்தவே இல்லை. மழை என்றால் மண்வாசனை, ரயில் என்றால் பிரிவு, பூட்டிய வீடு என்றால் ஒட்டடை. கை தானாகப் போய்விட்டது. படித்த நண்பர்கள் இரண்டு பேர் இந்த வரியைத்தான் குறிப்பிட்டுப் பாராட்டினார்கள். ‘அப்படியே கண்ணு முன்னாடி நிக்குதுப்பா’ என்றார் ஒருவர். எனக்குக் கொஞ்ச நாள் தலைகால் புரியவில்லை.

சோழவந்தானில் இருக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 78 வயது. பிள்ளைகள் இருவரும் வெளியூர். பெரியப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பத்து நாள் கழித்து போன் வந்தது. “கதை நல்லாத்தேன்யா இருக்கு. ஆனா தாத்தா வீட்டுல அம்புட்டு நூலாம்படை கிடையாதே. நீ எப்ப உள்ள போன?”

நான் உள்ளே போகவே இல்லை. தாத்தா வீடு ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதே தெருவில், பெரியம்மா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு கடந்து போவதோடு சரி. “கதைதானே பெரியம்மா” என்று இழுத்தேன். “கதைதேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றார். அப்புறம் பேச்சு சர்க்கரை மாத்திரைக்குப் போய்விட்டது. ஆனால் எனக்கு அது முள்ளாகத் தைத்துக்கொண்டது. தப்பு என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். ‘நீ எப்ப உள்ள போன?’ என்பதற்கு என்ன பதில் சொல்வது?

ரப்பர் கரைசலும் முல்தானி மட்டியும்

அந்த வரி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சினிமாதான். சின்ன வயதில் மதுரைக் கொட்டகைகளில் பார்த்த பேய் பங்களாக்கள். டார்ச் லைட்டோடு கதாநாயகன் உள்ளே நுழைவான், ஒரு கையால் ஒட்டடையை விலக்குவான், எங்கோ ஒரு கதவு கிறீச்சிடும். நாலு வினாடியில் நாற்பது வருடம் கடந்துவிட்டதாக நாமும் ஒத்துக்கொள்வோம். ‘இந்த வீட்டுக்கு யாரும் வந்து பல காலமாச்சு’ என்று வசனம் எழுத வேண்டிய வேலை மிச்சம். அந்தக் கை விலக்கலுக்காகவே ஒட்டடையைக் கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும்.

கண்டுபிடிக்கத்தான் செய்திருக்கிறார்கள். ரப்பர் கரைசலைச் சுழலும் விசிறியோடு சேர்ந்த ஒரு கருவியில் ஊற்றிச் சுழற்றினால், அது இழை இழையாகப் பறந்துபோய் விளக்கிலும் நாற்காலியிலும் ஒட்டிக்கொள்ளும். மேலே மெல்லிய களிமண் தூளை ஊதிவிட்டால் தூசி படிந்த மாதிரி ஆகிவிடும். ஹாலிவுட் அரங்குகளில் ரொம்ப காலமாகப் புழங்கும் உத்தி இது. அந்தத் தூளும் வேறொன்றும் இல்லை, நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டி வகையறாதான். உண்மையான வலை இருக்க எதற்கு இவ்வளவு பாடு என்றால், அது கேமராவில் விழாது. அவ்வளவு மெல்லிசு. படத்தில் நாம் பார்த்துப் பார்த்துப் பழகிய அந்தத் திரைச்சீலை ஒட்டடையைக் கட்டுகிற சிலந்தி நம் ஊர் வீடுகளில் இல்லை. நான் என் கதையில் எழுதியது ரப்பரைத்தான்.

“பூச்சிக்குத் திங்க என்ன இருக்கு இங்க?”

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனேன். வெள்ளிக்கிழமை. மதுரையிலிருந்து பைக்கில் முக்கால் மணி நேரம். வழியில் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் பனியில் நனைந்து கிடந்தன. பெரியம்மா சாவியைத் தயாராக முந்தியில் முடிந்து வைத்திருந்தார். “வா, உன் கதைய நேர்ல போயிப் பாப்பம்” என்றார். குரலில் இருந்தது கிண்டலா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடம் கட்டுரை நோட்டு திருத்திய குரல் அது.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தோம். கதவைத் தள்ளினேன். முகத்தில் ஒன்றும் அப்பவில்லை. முதலில் வந்தது வௌவால் நாற்றம். அப்புறம் கண் பழகியதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தரை முழுக்க மாவு சலித்ததுபோல ஒரே சீரான புழுதி. அதில் ஓர் எலி போய்வந்த தடம். தேக்கு உத்தரத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராகக் கரையான் புற்று மேலேறியிருந்தது, யாரோ மண்ணால் நரம்பு வரைந்த மாதிரி. நான் எதிர்பார்த்துப் போன நூலாம்படை இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சன்னல் கண்ணாடி ஒரு மூலையில் உடைந்திருந்தது, அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கட்டில் ஓடு விலகிய இடத்தில் இருந்தது. நடுக்கூடத்தில், தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு மேலே, என் கதாநாயகன் நின்ற அதே இடத்தில், வெறுமை. உற்றுப் பார்த்தால் வெளிச்சத்தில் ஓர் இழை பளிச்சிட்டு மறைந்தது, அவ்வளவுதான்.

“பூச்சிக்குத் திங்க என்ன இருக்கு இங்க?” என்றார் பெரியம்மா. “வெளக்கு எரிஞ்சாத்தேன ஈசல் வரும், கொசு வரும். அது வந்தாத்தேன எட்டுக்கால் பூச்சி வரும்.”

இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை? சிலந்தி நம் மறதியைத் தின்று வாழ்கிற ஜீவன் இல்லை. பூச்சி எங்கேயோ அங்கே இருக்கும். தோட்டத்தில் சக்கரம்போல வலை கட்டுகிற சிலந்திகளில் பல, பழைய வலையைத் தாங்களே தின்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாகக் கட்டிவிடும். பட்டு நூல் என்பது புரதம், வீணாக்க மனசு வராது போல. கொடிக்காலில் விடிகாலையில் பனித்துளியோடு நிற்கிற வலை பெரும்பாலும் நேற்று ராத்திரி வேலைதான். வீட்டு மூலையில் இருப்பது வேறு ஜாதி. உடம்பு சின்னது, கால் மட்டும் மயிரிழைபோல நீளம், தொட்டால் வலையோடு சேர்ந்து கிடுகிடுவென்று ஆடும். அது கட்டுகிற வலைக்கு ஒழுங்கான வடிவம் கிடையாது. அது விட்டுப் போன இழையில் தூசியும் அடுப்புப் புகையும் ஏறிய பிறகுதான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத்தான் ஒட்டடை என்கிறோம், எங்கள் பக்கத்தில் நூலாம்படை என்கிறோம். வலை வேறு, ஒட்டடை வேறு. வலையில் சிலந்தி இருக்கும், ஒட்டடையில் இருப்பது நம் வீட்டுத் தூசி. துணியிலிருந்து உதிர்ந்த நூல், நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில், காலோடு வந்த தெருமண். ஆள் நடமாடாத வீட்டில் புழுதி இறங்கித் தரையில் படுத்துவிடுகிறது, அதைக் கிளப்பிவிட ஆள் இல்லை. ஆக ஒட்டடைக்குப் பூச்சியும் வேண்டும், தூசியும் வேண்டும். இரண்டையும் பெரும்பாலும் வீட்டுக்குள் கொண்டுவருவது நாம்தான். கூரை சரிந்து, கொடி உள்ளே புகுந்து, பாதி காடாகிவிட்ட வீடு என்றால் அது தனிக் கதை. நான் சொல்வது ஒழுங்காகப் பூட்டிய, ஒழுங்காகச் செத்துப்போன வீட்டை.

அடுப்படியில் பெரியம்மா கொஞ்ச நேரம் நின்றார். மண்ணடுப்பு, மூன்று குமிழும் அப்படியே இருந்தன. “ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப” என்று சொன்னார், யாரிடமும் சொல்லாததுபோல. புறநானூறு 164. சமைப்பதையே மறந்துவிட்ட அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்று பெருந்தலைச் சாத்தனார், தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் இருந்த குமணனிடம் போய்ச் சொல்கிற பாட்டு. நான் குனிந்து பார்த்தேன். காளான் இல்லை. “அதுக்கு ஈரம் வேணும்யா. அந்த வீட்டுல ஆள் இருந்துச்சு” என்றார்.

சுவரில் இருந்த கோடு

திரும்பி வந்து காப்பி போட்டுத் தந்தார். நான் முற்றத்துப் பக்கம் தூணில் சாய்ந்துகொண்டு, அந்தக் கதையை எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டே சும்மா மேலே பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் தேடிப்போன நூலாம்படை எல்லாம் இங்கே இருந்தது.

டியூப் லைட்டைச் சுற்றிக் கனமாக, கன்றுக்குட்டியின் நாக்குபோலத் தொங்கியது. உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தொட்டிலே இருந்தது. அடுப்படிக் கதவுக்கு மேலே எண்ணெய்ப் புகை ஏறிக் கறுத்து, கயிறு கயிறாக. முருகன் காலண்டருக்கு மேலே ஒரு சாண் விட்டு ஆரம்பித்துக் கூரை வரைக்கும். ஆனால் அந்தச் சாணுக்குக் கீழே சுவர் அவ்வளவு சுத்தம். பெரியம்மா வீட்டுச் சுத்தம் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். காலண்டர் ஆணியைக்கூடத் துடைக்கிற ஆள். கொஞ்ச நேரம் பார்த்த பிறகு புரிந்தது. கூடம் முழுக்கச் சுவரில் ஒரு கோடு ஓடியது. அதற்குக் கீழே ஒரு இழை கிடையாது, மேலே ஒரு இடம் பாக்கி கிடையாது. மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில் அந்தக் கோடும் படியோடு சேர்ந்து மேலேறியது. முதல் படிக்கு ஒரு படி உயரம், இரண்டாவதுக்கு இன்னொரு படி. மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் மறுபடி நூலாம்படை.

“தோள்பட்டை இறுகிப்போச்சுய்யா. சோத்துக் கையி இதுக்கு மேல ஏற மாட்டேங்குது” என்று பெரியம்மா கையைத் தூக்கிக் காட்டினார். நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கை காது உயரத்தில் நின்றது. விளக்கமாற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் காலண்டருக்கு மேலே ஒரு சாண். சரியாக வந்தது. “மூணாம் படிக்கு மேல ஏறுனா தல சுத்துது. எம்மகன் ஏறாதன்னு சொல்லிட்டான்.” எப்போதிருந்து என்று கேட்டேன். ரெண்டு வருசம் இருக்கும் என்றார். அந்த ரெண்டு வருடத்தில் நான் ஐந்து தடவையாவது இந்தத் தூணில் சாய்ந்து காப்பி குடித்திருக்கிறேன். ஒரு தடவையும் மேலே பார்க்கவில்லை. கதைக்கு ஒட்டடை தேவைப்பட்டபோது மட்டும் ரப்பர் கரைசலை எடுத்து வந்திருக்கிறேன்.

மதுரைக்குத் திரும்பிப் பைக் ஓட்டும்போதும், அப்புறம் பல நாளும், எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கைவிடப்பட்டதற்கு அடையாளமாக எழுத்தில் நிஜமாகவே வலுவாக நின்றுவிட்ட இடங்களை யோசித்தால், எல்லாமே ஆள் இருக்கிற வீடுகள். பெரியம்மா சொன்ன புறநானூற்று அடுப்பு அப்படி. அதே பாட்டில் அந்த வீட்டில் பால் இல்லாத மார்பைச் சுவைத்துவிட்டு அழுகிற குழந்தை இருக்கிறது, அதன் முகத்தைப் பார்க்கிற தாய் இருக்கிறாள். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டுகிற அடுக்களையும் அப்படித்தான். ‘காழ்சோர் முதுசுவர்க் கணச்சிதல் அரித்த பூழி பூத்த புழற்காளாம்பி’. சிதல் என்றால் கரையான். கழி கழன்ற பழஞ்சுவரைக் கரையான் அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. தாத்தா வீட்டு உத்தரத்தில் நான் பார்த்த அதே கரையான். ஆனால் அந்த அடுக்களையில் குட்டி போட்ட நாய் பசியில் குரைக்கிறது, கிணைப்பறை கொட்டுபவன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள், அக்கம்பக்கத்தார் பார்த்துவிடக் கூடாதே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்துகிறாள். கதவு சாத்தியிருப்பது ஆள் இல்லாததால் இல்லை.

ஆங்கில நாவலில் ஒட்டடைக்குப் பேர்போன இடம் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. 1861-இல் புத்தகமாக வந்தது. கல்யாண நாளில் மாப்பிள்ளை ஏமாற்றிவிட்டதால் மிஸ் ஹாவிஷாம் கடிகாரங்களை எல்லாம் அந்த நிமிடத்திலேயே நிறுத்திவிட்டு, கல்யாண உடுப்பைக் கழற்றாமலே கிழவியாகிவிடுகிறாள். விருந்து மேசையின் நடுவே அந்தக் கேக் அப்படியே இருக்கிறது, என்ன பொருள் என்றே தெரியாத அளவுக்கு ஒட்டடை மூடி. சிலந்திகள் அதற்குள் ஓடிப் போய் ஒளிந்துகொள்கின்றன. கல்லூரியில் படித்தபோது அதைப் பாழடைந்த வீடு என்றே மனதில் வைத்திருந்தேன். பாழடைந்த வீடு எங்கே? அவள் அங்கேயேதான் இருக்கிறாள், அந்த மேசையைச் சுற்றி நடக்கிறாள். அவள் இல்லாமல் அந்தக் கேக்கும் ஒட்டடையும் மட்டும் இருந்திருந்தால் யாருக்கு நினைவிருந்திருக்கும்?

இன்னொன்றும் கிடைத்தது, அது என்னைச் சிரிக்க வைத்தது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மருத நிலத்து நெற்போரைப் பாடுகிறார். களத்தில் குவித்து வைத்த போர்மேல் சிலந்தி வெண்ணூல் பின்னியிருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? துணங்கைக் கூத்தாடும் பூதங்கள் வெள்ளைத் துணி உடுத்தி நிற்பதுபோல. சிலந்தி நூல் அங்கே செழிப்பின் மேல் போர்த்திய ஆடை. தென்கரைப் பக்கம் வயலில் இப்போது அறுவடை இயந்திரம் வந்து அன்றைக்கே நெல்லைக் கொண்டுபோய்விடுகிறது, சிலந்திக்கு அவகாசம் ஏது?

திங்கட்கிழமை

அன்றைக்கே அடித்துவிடலாம் என்றுதான் ஒட்டடைக் கம்பு கேட்டேன். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா நூலாம்படை அடிப்பாகளா?” என்று மறுத்துவிட்டார். தமிழாசிரியையாக இருந்தாலும் இந்த விஷயத்தில் கறார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். மதுரையில் வாங்கிய நீளமான கம்பைப் பைக்கில் குறுக்கே கட்டிக்கொண்டு போனதில் வழியெல்லாம் வசவு.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினேன். கறுத்த கயிறெல்லாம் கம்பில் பஞ்சுமிட்டாய்போலச் சுருண்டன. பெரியம்மா கீழே நின்று ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’, ‘அந்தா அந்த மூலை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் எனக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தபோது இருந்த அதே உற்சாகம். நடுவில் திருவானைக்கா கதையை எடுத்துவிட்டார். லிங்கத்தின்மேல் சருகு விழக்கூடாதென்று சிலந்தி நூலால் விதானம் போடும், யானை வந்து அதை அசுத்தம் என்று நினைத்துக் கலைத்துவிட்டுப் போகும், கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்து இரண்டும் சாகும், சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறக்கும். “நீ இப்ப யானைய்யா, பாத்து” என்றார். சுந்தரர் அந்தச் சோழனைத் திருத்தொண்டத்தொகையில் ‘தென்னவனாய் உலகாண்ட செங்கணார்’ என்கிறார். தென்னவன் என்றால் பாண்டியன். சோழனைத் தென்னவனாக்கியதில் மதுரைக்காரனுக்கு ஒரு சின்ன சந்தோஷம். மீனாட்சி கோயிலில் சுவாமி சன்னதிப் பிரகாரத்தில், அந்தச் சோழனும் இருக்கிற அறுபத்துமூவர் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் இப்போது ஒரு நிமிடம் நிற்கிறேன்.

டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு நீளக்கால் பூச்சி இருந்தது. கம்பு பட்டதும் கிடுகிடுவென்று ஆடி, விழுந்து, சுவரோரமாக நடந்து அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. “போகட்டும் விடு, கொசுவாச்சும் திங்கும்” என்றார்.

கதையில் அந்த வரியை மாற்றிப் பார்த்தேன். கரையானைப் போட்டேன், எலித் தடத்தைப் போட்டேன். சரியாக வரவில்லை. வீடே சரியில்லை, நாலு வீடு முன்னாலேயே அவன் நின்றிருக்க வேண்டும். அதை எழுத இன்னும் கை வரவில்லை.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும், பெரியம்மா போன் செய்தார். சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், கரண்ட் பில் எல்லாம் பேசிவிட்டு வைக்கப் போகிற நேரத்தில் சொன்னார். “அந்த டூப் லைட்டுகிட்ட மறுபடியும் கட்டிருச்சுய்யா.”

“வர்றேன் பெரியம்மா.”

“அவசரமில்ல” என்றார். “அடுத்த வாரங்கூட வா.”